2000 வாற்றுக் கேத்தல், மீற்றரில் 1563: மிச்சம் எங்கே போனது?

வாவிக்கரையான் (கல்லடி), சனி இரவு 8:40

வணக்கம். மகள் இந்த வருடம் ஓஎல் பரீட்சை எழுதுகிறாள். வீட்டிலிருக்கும் ஏதாவது ஒரு மின்சாதனத்தின் தடையையும் வலுவையும் கண்டுபிடித்து வரும்படி வகுப்பில் வேலை கொடுத்திருக்கிறார்கள். சரி, தேத்தண்ணிக் கேத்தல் இருக்கிறதே என்று அதை எடுத்தோம்.

கேத்தலின் அடியில் "220–240 வோல்ற்று, 1850–2200 வாற்று" என்று அச்சடித்திருக்கிறது. வாங்கும்போது கடையில் 2000 வாற்று என்றுதான் சொல்லித் தந்தார்கள். பிளக்கில் செருகிப் பார்க்கிற குட்டி மீற்றர் ஒன்று என்னிடம் உண்டு. வோல்ற்று, அம்பியர், வாற்று மூன்றும் காட்டும். அதை எக்ஸ்டென்ஷனில் செருகி, அதற்கு மேல் கேத்தலைப் போட்டோம். கேத்தல் ஓடாதபோது 218 வோல்ற்று. ஓடும்போது 203 வோல்ற்று, 7.7 அம்பியர், 1563 வாற்று.

203 ஐ 7.7 ஆல் வகுத்து 26.4 ஓம் என்றாள் மகள். இரண்டையும் பெருக்கி 1563 வாற்று என்றாள். மீற்றர் சொன்னதும் அதுதான். பிள்ளையின் வேலை அதோடு முடிந்தது, என்னுடைய தலையிடி தொடங்கியது. "2000 என்று சொல்லி வாங்கினீங்க, 1563 தானே வருது, மிச்சம் 437 எங்க அப்பா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

கடைக்காரர் தலையில் மிளகாய் அரைத்துவிட்டாரா? இல்லாவிட்டால் என் மீற்றர் பொய் சொல்கிறதா?

இன்னொன்று, இதுவும் சம்பந்தமோ தெரியாது: எக்ஸ்டென்ஷன் பிளக்கைச் சுவரில் செருகும் இடம் கை வைக்க முடியாமல் சுடுகிறது.


பழைய வயர்மேன் (களுவாஞ்சிக்குடி), சனி இரவு 8:52

தம்பி, கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருக்க வேணும். பிளக்கை இப்பவே கழற்று. கணக்கு நாளைக்கும் இருக்கும்.


வாவிக்கரையான், சனி இரவு 8:58

கழற்றிவிட்டேன் அண்ணன். ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்ரிக் மண்ணிறமாக மாறியிருக்கிறது. கேத்தலை இப்போது நேரே சுவரில் போட்டிருக்கிறேன்.


ஒலுவில் பொடியன், சனி இரவு 9:15

நான் பொறியியல் இரண்டாம் வருடம். கேத்தல் பொய் சொல்லவில்லை, மீற்றரும் பொய் சொல்லவில்லை. கேத்தலின் அடியில் ஏன் இரண்டு இரண்டு எண் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

220 வோல்ற்றில் 1850 வாற்று. வோல்ற்றின் வர்க்கத்தை வாற்றால் வகுத்தால் தடை வரும்: 48,400 ÷ 1850 = 26.2 ஓம். அடுத்த முனை 240 வோல்ற்றில் 2200 வாற்று: 57,600 ÷ 2200 = 26.2 ஓம். இரண்டும் ஒன்றுதான். அதாவது உள்ளே இருப்பது 26.2 ஓம் கம்பி ஒன்று, அவ்வளவுதான். அதற்கு "2000 வாற்று" என்று ஒரு குணம் கிடையாது. 230 கொடுத்தால் 2019 வாற்று எடுக்கும். நீங்கள் கொடுத்தது 203. 203² ÷ 26.2 = 1573. உங்கள் மீற்றரின் 1563 க்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

வோல்ற்று 12 வீதம் குறைந்தால் வலு 22 வீதம் குறைகிறது. வர்க்கத்தோடு போவதால் வருகிற அடி அது. ஆகவே மகளின் 437 வாற்று எங்கேயும் தொலையவில்லை, லைனிலிருந்து எடுக்கப்படவே இல்லை.


சம்மாந்துறை மில், சனி இரவு 9:31

தம்பி கணக்கு வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் படித்தது ஐ ஸ்குவயார் ஆர். சூடு என்பது மின்னோட்டத்தின் வர்க்கம் தர தடை. தடை கூடினால் சூடு கூட வேண்டும். நீ சொல்கிற வி ஸ்குவயார் பை ஆர் பிரகாரம் தடை கூடினால் சூடு குறைகிறது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாகும்? ஹீட்டர் கம்பி அறுந்து, அதை முறுக்கிக் கட்டிக் கொஞ்சம் கட்டையாக்கிப் போட்டால் முந்தியதைவிடச் சிவக்கும் என்பது மில்லில் நான் கண்ணால் கண்டது. அதே மில்லில் லூசான கேபிள் லக் (வயரின் முனையில் பூட்டுகிற உலோகக் காது) எரிந்ததையும் கண்டிருக்கிறேன். ஒன்றில் தடை குறைந்து சூடு கூடியது, மற்றதில் தடை கூடிச் சூடு கூடியது. இப்ப சொல்லுங்க.


ஒலுவில் பொடியன், சனி இரவு 9:40

காக்கா, இரண்டு சூத்திரமும் ஒன்றுதான். ஒன்றிலிருந்து மற்றதை ஒரே வரியில் எடுக்கலாம்.


சம்மாந்துறை மில், சனி இரவு 9:44

எடுக்கலாம் என்று எனக்கும் தெரியும் தம்பி. லக் ஏன் எரிந்தது என்றுதான் கேட்டேன்.


கல்முனை ரீச்சர், சனி இரவு 10:20

மில்காரர் கேட்ட கேள்வியை என் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டால் அன்று பாடம் நடத்தத் தேவையில்லை. இருபது வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், வோல்ற்று சமன் மின்னோட்டம் தர தடை என்று தூக்கத்திலும் சொல்லும் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள்.

சூத்திரத்தில் வருகிற வோல்ற்று எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள வோல்ற்று? அதைக் கேட்காமல் 230 ஐத் தூக்கிப் போட்டால் எல்லாம் பிழைக்கும். எங்கள் பாடப் புத்தகத்தில் அதை "அழுத்த வித்தியாசம்" என்று எழுதியிருப்பது அதற்காகத்தான். வித்தியாசம் என்றால் இரண்டு இடம் வேண்டும். தடை எந்த இரண்டு புள்ளிக்கு நடுவே இருக்கிறதோ, வோல்ற்றும் அதே இரண்டு புள்ளிக்கு நடுவே அளந்ததாக இருக்க வேண்டும், மின்னோட்டமும் அதற்குள்ளால் போவதாக இருக்க வேண்டும்.

ஹீட்டர் கம்பியை எடுங்கள். அதன் இரண்டு முனையிலும் கிட்டத்தட்ட முழு வோல்ற்றும் விழுகிறது. கம்பியைக் கட்டையாக்கினாலும் அந்த வோல்ற்று மாறாது. மாறாதது வோல்ற்று, ஆகவே வி ஸ்குவயார் பை ஆர் பேசும். தடை குறைய வலு கூடும்.

லூசான லக்கை எடுங்கள். அதில் 230 விழவில்லை. ஒன்றோ இரண்டோ வோல்ற்றுதான் விழும். அதற்குள்ளால் எத்தனை அம்பியர் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மோட்டர் அல்லது ஹீட்டர், லக் அல்ல. அங்கே மாறாதது மின்னோட்டம், ஆகவே ஐ ஸ்குவயார் ஆர் பேசும். தடை கூட வலு கூடும்.

நீங்கள் கண்ட இரண்டும் சரி. எது பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சூத்திரத்தை எடுக்க வேண்டும்.


சம்மாந்துறை மில், சனி இரவு 10:33

இதைத்தான் கேட்டேன். ரீச்சருக்கு ஒரு பிளேன்ரீ. ஆனால் அந்த முறுக்கிக் கட்டுகிற வேலையை யாரும் செய்ய வேண்டாம், முறுக்கின இடம் தனி லூசாகி மறுபடி அங்கேதான் அறும்.


ஒலுவில் பொடியன், சனி இரவு 10:41

ரீச்சர் சொன்னதற்கு ஒரு எல்லையும் உண்டு. லூசான இடத்தின் தடை கூடிக்கொண்டே போனால் அது சும்மா இருக்காது, மின்னோட்டத்தையே குறைக்கத் தொடங்கும். கேத்தலின் 26 ஓமோடு தொடரில் ஒரு கெட்ட மூட்டு இருக்கிறது என்று வையுங்கள். மூட்டின் தடை 0.01 ஓம் என்றால் அதில் அரை வாற்றுச் சொச்சம், கவலையில்லை. 1 ஓம் ஆனால் 60 வாற்றுக்குக் கிட்ட. கேத்தலின் தடைக்குச் சமமாக 26 ஓம் ஆகும்போதுதான் உச்சம்: மூட்டிலேயே 440 வாற்றுக்கு மேல். அதற்கு அப்பால் தடை கூடக் கூட மூட்டின் சூடு இறங்கும், கடைசியில் கரண்டே போகாது. ஆனால் 26 ஓம் வரை போவதற்கு முன்பே பிளாஸ்ரிக் உருகி வீடு நாறிவிடும் என்பது வேறு கதை.


வாவிக்கரையான், ஞாயிறு காலை 7:10

படித்துவிட்டுப் படுக்கப் போனவன் இரவு முழுக்க அந்த மண்ணிறப் பின்னையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். நேற்று வாசிப்பை மறுபடி பார்த்தால் 218 இலிருந்து 203 க்கு விழுந்திருக்கிறது. 15 வோல்ற்று. ரீச்சர் சொன்ன மாதிரி எந்த இரண்டு புள்ளி என்று கேட்டால், அந்த 15 என் கேத்தலில் விழவில்லை, வழியில் எங்கேயோ விழுந்திருக்கிறது. 15 ÷ 7.7 = 1.95 ஓம். 15 தர 7.7 சுமார் 115 வாற்று. ஒரு பழைய 100 வாற்று பல்பு என் சுவருக்குள்ளே எரிகிறதா?


பழைய வயர்மேன், ஞாயிறு காலை 7:35

இப்பதான் வழிக்கு வந்திருக்கிறாய். சுவருக்குள்ளே முழுவதும் அல்ல, பிரித்துப் பார்க்க வேணும். எக்ஸ்டென்ஷன் செருகின இடத்துக்குப் பக்கத்தில் சுவரில் இன்னொரு பிளக் ஓட்டை இருக்கிறதா? இருந்தால் உன் குட்டி மீற்றரைத் தனியே அதில் செருகு. பிறகு எக்ஸ்டென்ஷனில் கேத்தலைப் போட்டு ஒரு நிமிசத்துக்குள் பார்த்துவிட்டுக் கழற்று. டிபி போட்டை (வீட்டுக்குள் கரண்டைப் பிரித்து அனுப்புகிற பெட்டி) திறக்காதே. அந்த வாசிப்பை நான் வந்து எடுக்கிறேன், இன்றைக்கு மட்டக்களப்புப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது.


வாவிக்கரையான், ஞாயிறு மாலை 6:05

அண்ணன் வந்து போனார். கேத்தல் எக்ஸ்டென்ஷனில் ஓடும்போது எடுத்த வாசிப்புகள், இரண்டு தரம் சரிபார்த்தது:

டிபி போட்டில் 213. சுவரின் பக்கத்து ஓட்டையில் 211. எக்ஸ்டென்ஷன் ஓட்டையில் 203. கேத்தல் இல்லாவிட்டால் மூன்று இடத்திலும் 218.

மகள் தாளை எடுத்து வந்து எல்லாவற்றையும் 7.7 ஆல் வகுத்தாள். வெளி லைனிலும் சேர்விஸ் வயரிலும் சேர்த்து 5 வோல்ற்று, 0.65 ஓம், 38 வாற்று. டிபியிலிருந்து சுவர் வரை 2 வோல்ற்று, 0.26 ஓம், 15 வாற்று. சுவரிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஓட்டை வரை, வெறும் மூன்று மீற்றருக்குள், 8 வோல்ற்று, 1.04 ஓம், 62 வாற்று.

"சுவருக்குள்ள ஒண்டுமில்லப்பா, வெளியிலதான்" என்றாள்.


பழைய வயர்மேன், ஞாயிறு இரவு 7:48

பிள்ளை கெட்டிக்காரி. நான் வீட்டில் சொன்னதை இங்கே மற்றவர்களுக்கும் எழுதி வைக்கிறேன்.

வீட்டு பிளக் லைனுக்கு இழுத்திருப்பது 7/0.67, அதாவது இரண்டரை சதுர மில்லிமீற்றர். அந்தச் செப்பு மீற்றருக்கு 7.4 மில்லி ஓம். போக ஒரு வயர், வர ஒரு வயர், ஆகவே தூரத்தை இரட்டிக்க வேணும், இதை மறப்பவர்கள் அதிகம். டிபியிலிருந்து அந்த இடம் சுமார் 17 மீற்றர், வயர் 35 மீற்றர், 0.26 ஓம். அளந்ததும் 0.26. அங்கே ஒரு குறையும் இல்லை.

எக்ஸ்டென்ஷன் வயர் முக்கால் சதுர மில்லிமீற்றர். அந்தப் பருமனில் மீற்றருக்கு 26 மில்லி ஓம். போக வர ஆறு மீற்றர், 0.16 ஓம்தான் வர வேணும். அளந்தது 1.04. மிச்சம் 0.88 ஓம் பிளக்குக்குள் உட்கார்ந்திருக்கிறது. 7.7 இன் வர்க்கம் 59, அதை 0.88 ஆல் பெருக்கினால் 52 வாற்று. ஈயம் பற்றவைக்கிற அயன் 40, 60 வாற்றில் வருகிறது. அப்படி ஒன்றை பிளக்குக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

திறந்து பார்த்தோம். பின்னில் வயரை இறுக்குகிற ஸ்குரூ அரைச் சுற்று லூசு. செப்பு பச்சை பூத்துப் போயிருந்தது. கல்லடி, நாவலடி, திருக்கோவில் மாதிரிக் கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இந்த வேலையைச் செய்யும். லூசான இடம் சூடாகும், சூடாகி ஆறும்போது இன்னும் லூசாகும், பச்சை இன்னும் பூக்கும், தடை இன்னும் கூடும். அது தானாக நிற்காது.

போதாக்குறைக்கு முக்கால் சதுர மில்லிமீற்றர் வயர் 6 அம்பியருக்கானது. அதில் 7.7 ஐ ஓட்டியிருக்கிறான் தம்பி.


பரீட்சைக் காய்ச்சல், ஞாயிறு இரவு 8:02

ஒரு சின்னக் கேள்வி. அவ்வளவு சூடானால் பியூஸ் ஏன் போகவில்லை? ட்ரிப் சுவிட்ச் ஏன் விழவில்லை?


பழைய வயர்மேன், ஞாயிறு இரவு 8:20

சின்னக் கேள்வி இல்லை மனே. பிளக்குக்குள் இருக்கிற பியூஸ் 13 அம்பியர். அதற்குள்ளால் போனது 7.7. பியூஸ் என்ன செய்யும்? மூட்டுக் கெட்டால் மின்னோட்டம் கூடுவதில்லை, கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது வேறு விசயம்: லைவில் போன கரண்ட் முழுவதும் நியூற்றலில் திரும்பி வருகிறதா, 30 மில்லி அம்பியர் அளவுக்கு வெளியே ஒழுகிவிட்டதா என்பது. இங்கே ஒழுக்கே இல்லை, போனது அப்படியே வந்தது. இரண்டு காவல்காரரும் விழித்துக்கொண்டுதான் இருந்தார்கள், கள்ளன் அவர்களுடைய வாசலால் வரவில்லை. இதைப் பிடிக்க உங்கள் கையும் மூக்கும்தான் இருக்கிறது.


பரீட்சைக் காய்ச்சல், ஞாயிறு இரவு 8:29

நன்றி. இன்னொன்று ரீச்சரிடம். யூடியூப்பில் இந்தியப் பாடம் பார்த்தால் "திறன்" என்கிறார்கள். எங்களுடைய புத்தகத்தில் "வலு". இரண்டும் ஒன்றா? விடைத்தாளில் எதை எழுதுவது? அதோடு, பல்பின் தடையை மல்ரிமீற்றரால் அளந்தால் 65 ஓம் வந்தது, 60 வாற்றுப் பழைய இழை பல்பு. 230² ÷ 60 போட்டால் 882 ஓம் வருகிறது. நான் எங்கே பிழைத்தேன்?


கல்முனை ரீச்சர், ஞாயிறு இரவு 9:05

வலுவும் திறனும் ஒன்றுதான். நமது பாடப் புத்தகத்தின் சொல்லையே எழுதுங்கள்: வலு, அலகு வாற்று. அங்கே மின்னழுத்தம் என்றால் இங்கே அழுத்த வித்தியாசம் அல்லது வோல்ற்றளவு. சக்தியை மட்டும் வலுவோடு குழப்ப வேண்டாம். 1563 வாற்று என்பது வலு, அது எவ்வளவு நேரம் ஓடியது என்று சேர்த்தால்தான் சக்தி. பில்லில் வருகிற யூனிட், கிலோவாற்று மணித்தியாலம், சக்தி.

பல்பில் நீங்கள் பிழைக்கவில்லை. 65 உம் சரி, 882 உம் சரி. ஆறியிருக்கும் இழையை அளந்தீர்கள். எரியும்போது அந்தத் தங்குதன் இழை இரண்டாயிரம் பாகை செல்சியசைத் தாண்டிப் போகிறது, தடை பதின்மூன்று பதினான்கு மடங்காக ஏறுகிறது. பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடுகிற கணத்திலேயே பட்டென்று போவதற்கும் இதுதான் காரணம்: அந்தக் கணத்தில் 230 ஐ 65 தான் எதிர்கொள்கிறது, மூன்றரை அம்பியர் பாய்ந்துவிடுகிறது. ஓமின் விதியில் "வெப்பநிலை மாறாதிருக்க" என்று ஒரு வாசகம் வருமே, பிள்ளைகள் விட்டுவிட்டு எழுதி ஒரு புள்ளியை இழக்கிற வாசகம், அது சும்மா அலங்காரத்துக்கு இல்லை. கேத்தலில் இந்தச் சிக்கல் வராதது அதன் கம்பி நிக்கல் குரோமியக் கலப்பு என்பதால். சூடானாலும் தடை பெரிதாக அசையாது.

நேற்றிலிருந்து வோல்ற்று விழுகிற கதையே ஓடுவதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓமுக்கும் இதே தொல்லை இருந்தது. அவரும் பாடசாலை ஆசிரியர்தான், ஜேர்மனியில் கோல்ன் நகரில். அந்தக் காலத்து வோல்ற்றாக் கலங்கள் மின்னோட்டம் எடுக்க எடுக்க வலுவிழந்துபோகும், வாசிப்பு ஒன்றும் நிலைக்காது. 1826 இல் கலத்தை விட்டுவிட்டு, பிசுமத்தும் செம்பும் சேர்த்த வெப்ப இணையை (இரண்டு மூட்டின் சூடு வேறுபட்டால் வோல்ற்று தருவது) எடுத்தார். ஒரு மூட்டு கொதிநீரில், மற்றது பனிக்கட்டியில். கொதிநிலையும் உருகுநிலையும் மாறாதவை, ஆகவே வோல்ற்றும் மாறவில்லை. அடுத்த வருடம் 1827 இல் புத்தகமாக எழுதினார். சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு போகிறது என்பதை யூல் காட்டியது அதற்குப் பதினைந்து வருடத்துக்குள். நாங்கள் கேத்தலை வைத்துத் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஓமைத் தேடுகிறோம், அவர் ஓமைக் கண்டுபிடிக்கவே தண்ணீரைக் கொதிக்கவைத்திருக்கிறார்.


சம்மாந்துறை மில், ஞாயிறு இரவு 9:17

ரீச்சர், இரண்டாவது பிளேன்ரீ.

வாவிக்கரையானிடம் ஒன்று. வோல்ற்று குறைந்து வலு குறைந்தால் பில்லும் குறையும் என்று சந்தோசப்பட்டுவிட வேண்டாம். தண்ணீருக்குத் தேவையான சக்தி தேவையானதுதான்.


ஒலுவில் பொடியன், ஞாயிறு இரவு 9:30

ஆமாம். ஒன்றரை லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 100 க்குக் கொண்டுபோக 1.5 × 4200 × 72 = 4,53,600 யூல். 2000 வாற்றில் 3 நிமிடம் 47 செக்கன். 1563 வாற்றில் 4 நிமிடம் 50 செக்கன். யூனிட் இரண்டிலும் ஒன்றுதான், 0.126. உண்மையில் மெதுவாகக் கொதிக்கும்போது கேத்தலின் உடம்பால் வெளியேறுகிற சூடு கூட, ஆகவே கொஞ்சம் கூடுதலாகவே போகும்.

பிளக்கில் எரிந்த 52 வாற்றும் பில் போடுகிற வீட்டு மீற்றருக்கு இந்தப் பக்கம் நடந்தது, அதற்கும் நீங்கள்தான் காசு கட்டியிருக்கிறீர்கள். வெளி லைனில் போன 38 வாற்று மீற்றருக்கு அந்தப் பக்கம், அது உங்கள் பில்லில் வராது.


படுவான்கரை விவசாயி, திங்கள் காலை 5:50

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இப்போதுதான் எழுதத் துணிவு வந்தது. எங்கள் ஊருக்குக் கரண்ட் வந்தது போர் முடிந்த பிறகு. அதுக்கு முதல் எனக்குத் தெரிந்த மின்சாரம் சைக்கிள் டைனமோதான். 6 வோல்ற்று, 3 வாற்று. இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அரை அம்பியர், 12 ஓம். அந்த வெளிச்சத்தில்தான் வயலுக்குப் போய் வந்தோம்.

என் பிரச்சினை தண்ணீர் பம். அரைக் குதிரைவலு, கத்தரிப் பாத்திக்கு இறைக்கிறது. கரண்டை நிறுத்திக் கழற்றி மல்ரிமீற்றரால் சுருளை அளந்தேன், 6 ஓம். 230 ஐ 6 ஆல் வகுத்தால் 38 அம்பியர், எட்டாயிரத்து எண்ணூறு வாற்று! பில்லை நினைத்து நெஞ்சு அடைத்துவிட்டது. ஆனால் மருமகனுடைய கிளாம்ப் மீற்றர் 4 அம்பியர்தான் காட்டுகிறது. காலையில் பம்மடியில் 228 வோல்ற்று, 4 அம்பியர். பின்னேரம் 195 வோல்ற்று, 4.7 அம்பியர். கேத்தலில் வோல்ற்று குறைந்தால் அம்பியர் குறைந்தது, என் பம்மில் கூடுகிறது. சூடும் கூடுகிறது. யாரை நம்புவது?


ஒலுவில் பொடியன், திங்கள் காலை 7:20

மூன்றையும் நம்பலாம். கேத்தல் வெறும் தடை. மோட்டர் அப்படியில்லை. சுருளும் இரும்பும் மாறிமாறி ஓடுகிற மின்னோட்டத்தை எதிர்க்கும், அதோடு சுழல்கிற பாகம் தானும் ஒரு எதிர் வோல்ற்றை உண்டாக்கும். மல்ரிமீற்றர் தன் குட்டி பற்றரியால் பார்ப்பதால் செப்பின் 6 ஓம் மட்டும்தான் அதற்குத் தெரியும். 228 ஐ 4 ஆல் வகுத்தால் வருகிற 57 ஓம், ஓடும்போது உள்ள மொத்த எதிர்ப்பு. மோட்டர் சிக்கிச் சுழலாமல் நின்றுவிட்டால் எதிர் வோல்ற்று போய்விடும், அப்போது பல மடங்கு மின்னோட்டம் ஏறும். பம் இறுகி உறுமும்போது உடனே நிறுத்தச் சொல்வது அதனால்தான்.

அம்பியர் கூடுவது ஏன்? கேத்தல் கிடைத்ததை வைத்துக் கொதிக்கும். மோட்டருக்குத் தண்ணீரைத் தூக்கியே ஆக வேண்டும், வேலை குறையவில்லை. 228 × 4 = 912. 195 × 4.7 = 916. பாருங்கள், பெருக்கம் அசையவில்லை. வோல்ற்றில் இழந்ததை அம்பியரில் பிடித்துக்கொள்கிறது. ஆனால் சுருளின் 6 ஓமில் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு போகும்: காலையில் 16 × 6 = 96 வாற்று, பின்னேரம் 22 × 6 = 132 வாற்று. உங்கள் கை சொன்ன சூடு அதுதான்.

912 ஐ வாற்று என்று எழுதக் கூடாது. பம்மின் தகட்டில் கொஸ் (வலுக் காரணி) என்று ஒரு எண் இருக்கும், அதால் பெருக்கினால்தான் வாற்று.


படுவான்கரை விவசாயி, திங்கள் காலை 11:40

தகட்டில் 0.75. அப்படியென்றால் 684 வாற்று. 8800 என்று பயந்தவனுக்கு இது பெரிய ஆறுதல். வீட்டு டிபியில் பின்னேரம் பம் ஓடும்போது பார்த்தது 203. பம்மடியில் 195. வீட்டுக்கும் கிணற்றுக்கும் 60 மீற்றர்.


பழைய வயர்மேன், திங்கள் நண்பகல் 12:15

கிணற்றுக்கு என்ன வயர் இழுத்தாய்?


படுவான்கரை விவசாயி, திங்கள் நண்பகல் 12:31

நானேதான் இழுத்தேன் அண்ணே. வீட்டு லைற்றுக்கு வாங்கி மிஞ்சிய ரோல், 1/1.13.


பழைய வயர்மேன், திங்கள் மாலை 4:50

நினைத்தேன். லைற்றுக்கு இழுக்கிற வயரால் பம் ஓட்டுகிறாய். ஒரு சதுர மில்லிமீற்றர், மீற்றருக்கு 18 மில்லி ஓம், போக வர 120 மீற்றர், 2.17 ஓம். விழுந்த 8 வோல்ற்றை 4.7 ஆல் வகுத்தால் 1.7 தான் வருகிறதே என்று நான் யோசித்தேன். மூட்டில் தடை கூடி இருப்பதைக் கண்டிருக்கிறேன், செப்பு தன் கணக்கைவிடக் குறைந்து நான் கண்டதில்லை. ஒலுவில் தம்பி?


ஒலுவில் பொடியன், திங்கள் மாலை 5:25

அண்ணன் கண்ணில் மண் தூவ முடியாது. மோட்டரின் மின்னோட்டம் வோல்ற்றோடு ஒரே காலடியில் போவதில்லை, பின்தங்கிப் போகிறது. அதனால் வயரில் விழுகிற வோல்ற்று முழுவதும் இரண்டு வாசிப்பின் வித்தியாசத்தில் தெரியாது, கிட்டத்தட்ட 0.75 பங்குதான் தெரியும். 1.7 ஐ 0.75 ஆல் வகுத்தால் 2.27. உங்கள் 2.17 க்குப் பக்கம். மூட்டில் குறையில்லை, வயர்தான் மெல்லிசு. கேத்தலில் இந்தத் திருத்தம் தேவைப்படவில்லை, அது வெறும் தடை என்பதால்.

7/0.67 போட்டால் 0.89 ஓம் ஆகும், பம்மடியில் 200 வோல்ற்று வரும். 5 வோல்ற்றுதான் கூடும். மிச்சக் குறை டிபிக்கு வரும்போதே இருக்கிறது: 203. நமது நாட்டில் வீட்டுக்கு வர வேண்டியது 230, ஆறு வீதம் ஏற இறங்கலாம், ஆகக் குறைந்தது 216. அதை நேரமும் வாசிப்பும் எழுதி வைத்து முறைப்பாடு கொடுங்கள். வயரை மாற்றுவதால் அது தீராது.


வாவிக்கரையான், திங்கள் இரவு 7:30

எங்கள் வீட்டு முடிவையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை சதுர மில்லிமீற்றர் வயரில் அண்ணனே புது எக்ஸ்டென்ஷன் கட்டித் தந்தார். கேத்தல் ஓடும்போது 210 வோல்ற்று, 8.0 அம்பியர், 1680 வாற்று. மகள் கணக்குப் போட்டு 20 செக்கன் மிச்சம் என்றாள். "இருபது செக்கனுக்கா இரண்டு நாள் இந்தப் பாடு" என்று மனிசி கேட்டா. பிளக்கில் கை வைத்துக் காட்டினேன், சுடவில்லை.

பழைய பிளக்கை மகள் வகுப்புக்குக் கொண்டுபோயிருக்கிறாள், தாளோடு ஒட்டிக் கொடுக்க.


படுவான்கரை விவசாயி, திங்கள் இரவு 8:10

அண்ணே, கிணற்றடிக்கு 7/0.67 எத்தனை மீற்றர் வாங்க? ஏர்த் வயரும் சேர்த்துச் சொல்லுங்கள்.


பழைய வயர்மேன், திங்கள் இரவு 8:22

வாங்காதே, பொறு. புதன்கிழமை காலையில் வருகிறேன். நாடாவால் தூரத்தை அளந்துவிட்டு வாங்குவோம். 60 என்று நீ சொல்வது உன் காலடிக் கணக்கு.